முகநரம்பு எப்படி மீள்கிறது: தூது வேதிப்பொருள்களும் அவற்றின் காலக்கெடுவும்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழியும். கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கும், ஒரு கண் மூடாது. முகவாதம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. பக்கவாதமோ என்ற பயம்தான் முதலில் வரும். அந்தப் பயத்தோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுவதே சரி. அங்கே மருத்துவர் நெற்றியைச் சுருக்கச் சொல்வார். மூளையில் அடைப்பு என்றால் வழக்கமாகக் கீழ்முகம் மட்டும் இழுக்கும், நெற்றி சுருங்கும். முகநரம்பே பழுதாகியிருந்தால் நெற்றியும் சுருங்காது. முகவாதம்தான் என்று உறுதியானதும் அடுத்த கேள்வி வரும்: "நரம்பு சீக்கிரம் வளர ஊசி ஏதாவது இருக்கா டாக்டர்?"

நியாயமான கேள்வி. நரம்பை உயிரோடு வைத்திருக்கவும், வளரச் சொல்லவும், வழிகாட்டவும் தனித்தனி வேதிப்பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றில் முதலாவதான என்ஜிஎஃப் எனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹெனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு டஜன் கணக்கில் இத்தகைய தூதுப் பொருள்கள் தெரியவந்துள்ளன. இருந்தும், அறுந்த முகநரம்பை வளரவைக்கும் ஊசி என்று உலக அளவில் ஏற்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. பொருள் கிடைக்காதது காரணம் அல்ல. அவற்றை ஆய்வகத்தில் தயாரிக்க முடியும். எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த நாளில், எதற்குப் பின் வருகிறது என்பதில்தான் குணமாவதே அடங்கியிருக்கிறது. இந்த வரிசை புரிந்தால் முதல் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு தொடங்கச் சொல்வது ஏன், வெட்டுக்காயத்தை 72 மணி நேரத்துக்குள் தைக்கத் துடிப்பது ஏன், நான்கு மாதம் பொறுக்கச் சொல்வது ஏன் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

நரம்பு ஓடும் பாதை

முகநரம்பு ஏழாவது மூளைநரம்பு. இதில் ஏறத்தாழ 10,000 இழைகள் உள்ளன. சுமார் 7,000 இழைகள் முகத்தசைகளை அசைப்பவை. மற்றவை நாக்கின் சுவை, கண்ணீர், உமிழ்நீர் ஆகியவற்றுக்கானவை. தசையை அசைக்கும் ஒவ்வோர் இழைக்கும் தாய்ச் செல் மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் நரம்பு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய் வழியாக வளைந்து வளைந்து வந்து, காதுமடலுக்குக் கீழே வெளிப்படுகிறது. பிறகு கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, நெற்றி, கண், கன்னம், கீழ்த்தாடை, கழுத்து என ஐந்து கிளைகளாகப் பிரிகிறது.

எலும்புக் குழாயின் நுழைவாயில் 0.7 மி.மீ. அகலம்கூட இல்லாதது. நரம்பு வீங்கினால் விரிந்துகொடுக்க அங்கே இடம் கிடையாது. தன் இரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். முகவாதத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். காரணம் வைரஸ் என்ற கருத்துக்கு வலுவான ஆதாரம் ஜப்பானிலிருந்து வந்தது: 1996இல் முரகாமி குழுவினர் 14 நோயாளிகளின் நரம்புத் திரவத்தைச் சோதித்து, 11 பேரிடம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸின் டிஎன்ஏவைக் கண்டார்கள்.

விபத்திலோ அறுவையிலோ நரம்பு அறுவது வேறு கதை. அங்கே இழையே துண்டாகிறது. நசுங்கி மின்னோட்டம் மட்டும் நின்ற இழையும் துண்டான இழையும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், முகம் அசையாது. உள்ளே நடக்கும் வேதியியல் முற்றிலும் வேறு. கோபன்ஹேகனில் சிகிச்சை ஏதுமின்றிக் கவனிக்கப்பட்ட 1,701 முகவாத நோயாளிகளைப் பற்றி பைட்டர்சன் 2002இல் வெளியிட்ட தொகுப்பு இதை அழகாகக் காட்டுகிறது. 85 விழுக்காட்டினருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. மீதி 15 விழுக்காட்டினருக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் கழித்துத்தான் தொடங்கியது. முதல் கூட்டத்தில் இழை அறவில்லை. இரண்டாவது கூட்டத்தில் இழை செத்து, மூளைத்தண்டின் பக்கமிருந்து புதிதாக வளர்ந்து வரவேண்டியிருந்தது. தூதுப் பொருள்களின் முழு வேலையும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான்.

தாய்ச் செல்லுக்குப் போகும் சேதி

காயம் காதருகில். தாய்ச் செல் மண்டைக்குள், பல சென்டிமீட்டர் தள்ளி. இழை அறுந்தது அதற்கு எப்படித் தெரியும்?

மூன்று வழிகளில் தெரிகிறது. அறுந்த முனையில் கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்த அலை சில நிமிடங்களிலேயே தாய்ச் செல்லை எட்டிவிடும். அடுத்தது, காயத்தின் இடத்தில் உருவாகும் புரதங்கள் இம்போர்டின் என்ற சுமைதாங்கிப் புரதத்தோடு ஒட்டி, டைனீன் என்னும் மோட்டார் புரதத்தின் மேலேறி, இழையின் உள்ளேயே பின்னோக்கிப் பயணிக்கின்றன. நாளுக்கு 10 செ.மீ.க்கும் மேல் போகும் வேகம் அது. ஆகவே ஒரு நாளுக்குள் சேதி சேர்ந்துவிடும். மூன்றாவது ஒரு சேதி வராமல் போவது. முகத்தசை வழக்கமாக அனுப்பிக்கொண்டிருந்த ஊட்டக் காரணிகள் நின்றுவிடுகின்றன. அந்த நிற்றலே ஓர் அறிவிப்பு.

சேதி கிடைத்த செல் தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது. சி-ஜுன், ஏடிஎஃப்3, ஸ்டாட்3 என்ற மரபணுச் சாவிகள் திறக்கின்றன. தசைக்கு உத்தரவு கொடுக்கும் அசிடைல்கோலின் சார்ந்த தயாரிப்பு குறைந்து, புது இழைக்கு வேண்டிய டியூபுலின், ஆக்டின், ஜிஏபி-43 போன்ற கட்டுமானப் புரதங்கள் பெருகுகின்றன.

செல் உயிரோடு இருந்தால்தானே இதெல்லாம். பிறந்த எலிக்குட்டியின் முகநரம்பை அறுத்தால் சில நாளில் பெரும்பாலான தாய்ச் செல்கள் செத்துவிடும். 1990இல் மிக்கேல் சென்ட்னர் குழுவினர் அறுந்த முனையில் சிஎன்டிஎஃப் என்ற காரணியை வைத்து அந்தச் சாவைத் தடுத்தார்கள். 1992இல் பிடிஎன்எஃப் என்ற இன்னொரு காரணி அதையே செய்தது. அடுத்து வந்த ஜிடிஎன்எஃப் இயக்க நரம்புச் செல்களுக்கு இன்னும் வலுவான காவலன் என்று தெரிந்தது. நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த என்ஜிஎஃப்போ இந்தச் செல்களைக் காப்பாற்றவில்லை. அது உணர்ச்சி நரம்புகளுக்கும், உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் சிம்பதெடிக் நரம்புகளுக்கும் உரியது. அதை வாங்கிக்கொள்ளும் டிஆர்கே-ஏ ஏற்பி வளர்ந்த இயக்க நரம்புச் செல்லில் இல்லை. முகத்தை அசைப்பது இயக்க நரம்பு. எலியின் சுரப்பியிலிருந்து எடுத்த என்ஜிஎஃப் ஊசி சீனாவில் நரம்பு நோய்களுக்கு விற்பனையில் உள்ளது. அதை இணையத்தில் பார்த்துவிட்டு முகவாதத்துக்கு விசாரிப்பவர்கள் இந்த ஏற்பி விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலிக்குட்டியில் கிடைத்த வெற்றி மனிதருக்கு ஏன் வரவில்லை? 1990களில் இயக்க நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் நோயில் சிஎன்டிஎஃப், பிடிஎன்எஃப் இரண்டையும் தோலடி ஊசியாகப் போட்டுச் சோதித்தார்கள். சிஎன்டிஎஃப் இரத்தத்தில் சில நிமிடமே தங்கியது. உடல் முழுக்கப் பரவிக் காய்ச்சல், இருமல், எடை இழப்பு எல்லாம் கொடுத்தது. பிடிஎன்எஃப் ஊசி போட்ட இடத்துத் திசுக்களிலேயே ஒட்டிக்கொண்டு, நரம்புக்குப் போதிய அளவில் போகவில்லை. என்ஜிஎஃப்பை நீரிழிவு நரம்பு நோய்க்குக் கொடுத்தபோது ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிஞ்சியது. இரத்தத்தின் வழியே கொடுத்தால் போகவேண்டிய இடத்துக்குக் கொஞ்சமும், போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் நிறையவும் போகும். தூதுப் பொருள்களின் முதல் தடை இதுதான்.

வளர்ந்த மனிதரில் காதுக்கு வெளியே அறுந்த முகநரம்பின் தாய்ச் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. எனவே அவற்றைக் காப்பது மட்டும் போதாது. அறுந்த துண்டுக்கு அப்பால் நடப்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

அறுந்த துண்டின் கடிகாரம்

தாய்ச் செல்லிலிருந்து பிரிந்த துண்டு உடனே சாவதில்லை. அதைக் காக்கும் என்மேட்2 என்ற நொதி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. அது தீர்ந்ததும் சார்ம்1 என்ற நொதி விழித்து, இழையின் எரிசக்திக்கு ஆதாரமான என்ஏடி மூலக்கூற்றைத் தின்றுதீர்க்கிறது. மனிதரில் சுமார் மூன்று நாள்வரை அறுந்த துண்டு மின்தூண்டலுக்குப் பதில் சொல்லும், அதன்பின் மௌனமாகிவிடும்.

அறுவை அரங்கில் இந்த மூன்று நாளுக்குப் பெரும் மதிப்பு உண்டு. கன்னத்தில் ஆழமான வெட்டு விழுந்து முகம் இழுத்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் திறந்து பார்க்கும் அறுவை மருத்துவர் நரம்புத் தூண்டியை வைத்து எந்தக் கிளை எந்தத் தசையை அசைக்கிறது என்று கண்டுபிடித்து, சரியான முனையோடு சரியான முனையைத் தைக்கலாம். நாலாவது நாள் அந்த வசதி போய்விடும். இரத்தக்கட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவே ஒரு மி.மீ. கிளைகளைக் கண்ணால் தேட வேண்டும். கண்ணின் வெளிமுனையிலிருந்து நேர்கீழே கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கு மூக்குப் பக்கம் விழுந்த வெட்டுகளில் பொதுவாக நரம்பைத் தேடுவதில்லை. அங்கே கிளைகள் மெல்லியவை, ஒன்றோடொன்று பின்னியவை. அக்கம்பக்கத்து இழைகளே வேலையை எடுத்துக்கொள்ளும்.

நரம்பு எவ்வளவு செத்திருக்கிறது என்று அளக்கும் மின்பரிசோதனையை முதல் மூன்று நாளுக்குள் எடுப்பதில் பயனில்லை என்பதும் இதே காரணத்தால்தான். செத்துக்கொண்டிருக்கும் துண்டு அப்போது நலமானதுபோல் பதில் தரும். நாலாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் எடுத்து, நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு, 90 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் தானாக முழுமையாகக் குணமாகும் வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

செத்த இழையைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள்தான் அடுத்த கட்டத்தின் நாயகர்கள். சாதாரண நாளில் இழைக்கு மயலின் உறை சுற்றுவது இவற்றின் வேலை. இழை செத்ததும் இவற்றுக்குள் சி-ஜுன் விழித்து, உறை சுற்றும் தொழிலை விட்டுப் பழுதுபார்க்கும் செல்களாக உருமாறுகின்றன. அந்தச் செல்கள் அனுப்பும் சேதிகளின் வரிசை கவனிக்க வேண்டியது.

முதலில் அழற்சித் தூதர்கள்: டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1-பீட்டா, எல்ஐஎஃப், எம்சிபி-1. இவை இரத்தத்திலிருந்து விழுங்கு செல்களைக் கூப்பிடுகின்றன. இரண்டு மூன்று நாளில் வரத் தொடங்கும் அந்தச் செல்கள் பழைய மயலின் குப்பையைத் தின்று தீர்க்கின்றன. குப்பை கிடக்கும்வரை புது இழை நுழையாது, ஏனென்றால் மயலினில் உள்ள சில புரதங்களே வளர்ச்சியைத் தடுப்பவை. வந்த விழுங்கு செல்கள் விடும் இன்டர்லூக்கின்-1 சுற்றியுள்ள செல்களை என்ஜிஎஃப் செய்யத் தூண்டுகிறது. ஒரு தூதர் இன்னொரு தூதரை எழுப்புகிறார்.

பிறகு வளர்ச்சித் தூதர்கள். ஜிடிஎன்எஃப் வேகமாக ஏறி முதல் வாரத்திலேயே உச்சம் தொடுகிறது. பிடிஎன்எஃப் மெதுவாக மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏறத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் உச்சத்தை அடைகிறது. சிஎன்டிஎஃப் இதற்கு நேர்மாறாக, நலமான நரம்பில் நிறைய இருந்து காயத்துக்குப் பின் சரிகிறது. இவ்வளவும் எலிகளில் அளந்து கண்டவை. உருமாறிய ஷ்வான் செல்கள் வரிசையாக அணிவகுத்துக் குழாய்போல் நிற்க, புது இழை அந்தக் குழாய்க்குள் நாளுக்கு 1 மி.மீ. அளவில் நகர்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காதடியிலிருந்து வாயோரம்வரை ஏறக்குறைய 10 செ.மீ. நாளுக்கு 1 மி.மீ. என்றால் 100 நாள். தையல் போட்ட இடத்தைத் தாண்டவே இழைகள் மூன்று நான்கு வாரம் தயங்கும். ஆக நான்கு மாதம் முகத்தில் எந்த மாற்றமும் தெரியாமல் இருப்பது இயல்பு. அதற்குள் அறுவை தோற்றுவிட்டது என்று மனம் உடையத் தேவையில்லை.

ஆனால் ஷ்வான் செல்கள் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. இழை வந்து சேராவிட்டால் ஜிடிஎன்எஃப் சுரப்பு மாதக்கணக்கில் சரிந்துகொண்டே போய், ஆறு மாதத்தில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. குழாய்கள் சுருங்கி நார்த்திசு ஏறுகிறது. எலியில் ஆறு மாதத்துக்கு மேல் வெறுமையாய்க் கிடந்த நரம்புக்குள் நுழையும் இழைகளின் எண்ணிக்கை பலமடங்கு குறைகிறது. முகத்தசையும் 12 முதல் 18 மாதத்துக்குமேல் நரம்பில்லாமல் தாங்குவது கடினம். அறுந்த நரம்பை "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஓராண்டு தள்ளுவது அதனால்தான் ஆபத்து. முகவாதம் என்று சொல்லப்பட்டவருக்கு மூன்று நான்கு மாதத்திலும் துளி அசைவும் இல்லை என்றால் நோயறிதலையே மறுபடி சோதிக்க வேண்டும். நரம்பின் பாதையில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ பார்ப்பது அவசியம்.

அழற்சி வேண்டும் என்றால் ஸ்டீராய்டு எதற்கு?

அழற்சித் தூதர்கள் குப்பையை அகற்ற உதவுகிறார்கள் என்றால், அவர்களை அடக்கும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஏன் கொடுக்கிறோம்? ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து நடந்து 2007இல் வெளியான சோதனையே இதற்குச் சிறந்த விடை. முகம் இழுத்து 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குப் பிரட்னிசலோன் 25 மி.கி. நாளுக்கு இருமுறை, பத்து நாள் கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து முழுதாகக் குணமானவர்கள் 94.4 விழுக்காடு, மாத்திரை எடுக்காதவர்களில் 81.6 விழுக்காடு. அதே சோதனையில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து தனியாகவும் கூடுதல் பலன் தரவில்லை, ஸ்டீராய்டோடு சேர்த்தும் தரவில்லை.

முதல் நாள்களில் நரம்பு இன்னும் சாகவில்லை, நெரிபட்டுத்தான் கிடக்கிறது. 0.7 மி.மீ. வாயிலுக்குள் டிஎன்எஃப்பும் இன்டர்லூக்கினும் ஏற்றும் வீக்கம் அப்போது கேடு மட்டுமே. அந்த நேரத்தில் வீக்கத்தைக் குறைத்தால், சாக இருந்த இழைகள் பிழைத்து முதல் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. இழை செத்த பிறகோ அதே தூதர்கள் குப்பை அள்ள வேண்டியவர்கள். அப்போது அவர்களை அடக்குவதில் லாபம் இல்லை. ஒரே பொருள் மூன்றாம் நாளில் எதிரி, பத்தாம் நாளில் கூட்டாளி. பத்து நாளோடு மாத்திரையை நிறுத்துவதற்கும், மூன்று வாரம் கழித்து வருபவருக்கு அதைத் தொடங்காததற்கும் இது ஒரு விளக்கம்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2013 வழிகாட்டியும் இதே அளவைத்தான் சொல்கிறது: 50 மி.கி. பத்து நாள், அல்லது 60 மி.கி. ஐந்து நாள் கொடுத்து அடுத்த ஐந்து நாளில் படிப்படியாகக் குறைப்பது. பயத்தில் 10 மி.கி. மாத்திரை ஒன்றை மட்டும் எடுப்பதும், இரண்டு நாளில் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை வேகமாக ஏறும். மாத்திரையைத் தவிர்ப்பதைவிடச் சர்க்கரையைத் தினமும் பார்த்து மருந்தளவை மாற்றுவதே பெரும்பாலும் வழி. அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயம் அல்ல.

நோய் எதிர்ப்புச் செல்களும் தாய்ச் செல்லைக் காக்கின்றன என்பதற்கு முகநரம்பே சான்று தந்தது. டி, பி செல்கள் இல்லாத எலிகளில் முகநரம்பை அறுத்தபோது, சாதாரண எலிகளைவிட அதிக இயக்க நரம்புச் செல்கள் செத்தன. அந்தக் காப்பில் சிடி4 டி செல்களும், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10ம் பங்கேற்கின்றன. பிஏகேப் என்ற நியூரோபெப்டைடு (நரம்புச் செல்கள் சுரக்கும் சிறு புரதத் தூதர்) இல்லாத எலிகளில் முகநரம்பு நசுங்கியபின் அழற்சி மரபணுக்கள் அதிகமாகப் பேசின, இழை வளர்ச்சி தாமதப்பட்டது. அழற்சியைக் கிளப்பும் தூதரும் அடக்கும் தூதரும் இரண்டு பேருமே வேண்டும்.

தூது அதிகமானால்

வளர்ச்சிக் காரணியைக் காயத்தில் ஏராளமாக வைத்தால் நரம்பு வேகமாக வளரும் என்றுதான் தோன்றும். ஜிடிஎன்எஃப் மரபணுவை நரம்பில் ஏற்றி இடைவிடாமல் சுரக்கவைத்தபோது வேறு ஒன்று நடந்தது. இழைகள் அந்த இடத்துக்கு வந்தன, அங்கேயே சுருண்டு முடிச்சிட்டன, மேலே போக மறுத்தன. மிட்டாய்க் கடையைக் கண்ட குழந்தை அதைத் தாண்டி வராது என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அதைவிடக் கவலைக்குரியது கிளைத்தல். ஓர் இழை அறுந்த முனையில் பல முளைகளை விடுகிறது. ஒரே தாய்ச் செல்லின் ஒரு முளை கண்ணுக்கும் இன்னொன்று வாய்க்கும் போய்விட்டால், சிரிக்கும்போது கண் மூடும், கண் சிமிட்டும்போது வாயோரம் இழுக்கும். இதற்குச் சின்கைனீசிஸ் என்று பெயர். முகநரம்பு அறுந்து வளர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ அளவில் இது வரும். உமிழ்நீருக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனால் சாப்பிடும்போது கண்ணீர் கொட்டும். அதை முதலைக் கண்ணீர் என்பார்கள். ஜெர்மனியில் கொலோன் ஆய்வாளர்கள் எலியின் முகநரம்பில் தையல் போட்ட இடத்தில் வளர்ச்சிக் காரணிகளை முடக்கும் எதிர்ப்பொருள்களை வைத்தபோது கிளைத்தல் குறைந்தது. அதாவது இங்கே தூதைக் குறைத்ததால் பலன்.

அதே குழுவைச் சேர்ந்த டாய்கோ ஏஞ்சலோவ் காட்டிய இன்னொன்று நோயாளிகளுக்கு நேரடியாகப் பொருள் தருவது. முகநரம்பைத் தைத்த எலிகளின் மீசைத்தசையைக் கையால் நாளுக்கு ஐந்து நிமிடம் மென்மையாக அசைத்து வந்தார்கள். மீசை அசைவு ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. ஒரு தசை இழையில் பல நரம்பு முனைகள் முண்டியடித்து உட்காருவதும் குறைந்தது. பிடிஎன்எஃப் அல்லது ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைவாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் அதே அசைப்பு பலிக்கவில்லை. கை கொடுத்த அசைவு, தசையின் சொந்தத் தூதர்கள் வழியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மனிதருக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது? கன்னத்தை மென்மையாகப் பிடித்துவிடுவதும், கண்ணாடி முன் உட்கார்ந்து சின்னச் சின்ன அசைவுகளை மெதுவாக, நல்ல பக்கம் இழுத்துவிடாமல் பழகுவதும் நியாயமான பயிற்சி. பலமாக ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது, முகத்தை முழு பலத்தோடு கோணுவது எல்லாம் வேண்டாம். அப்போது எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்து, தவறாகச் சேர்ந்த இணைப்புகளும் பழகிப்போகும். நம்மூரில் பரவலாக நடக்கும் "கரன்ட் வைப்பது" பற்றியும் சொல்ல வேண்டும். தோல்மேல் மின்முனை வைத்துத் தசையைத் துடிக்கவைக்கும் அந்த முறையால் நிச்சயமான பலன் உண்டு என்று, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011 ஆய்வுத்தொகுப்பு காணவில்லை. நீண்டநாள் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தனித்தனியே வகுத்த முகப்பயிற்சி உதவலாம் என்றுதான் அது சொன்னது.

பெயரில் ஒத்திருந்தாலும் வேறான ஒரு மின்தூண்டல் இருக்கிறது. அறுவையின்போது நரம்பிலேயே மின்முனை வைத்து, விநாடிக்கு 20 துடிப்பு, ஒரு மணி நேரம், ஒரே தடவை. எலியின் கால் நரம்பில் வழக்கமாக 8 முதல் 10 வாரம் எடுக்கும் இழை வளர்ச்சி மூன்று வாரத்தில் முடிந்தது. மின்துடிப்பு தாய்ச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுப் பொருளையும் பிடிஎன்எஃப்பையும் உயர்த்துகிறது என்பதே விளக்கம். டெஸ்ஸா கோர்டன் குழு 2010இல் மணிக்கட்டு நரம்பு நெரிந்த நோயாளிகளிடம் இதைச் செய்து பலன் கண்டது. வெளியிலிருந்து மருந்து ஏற்றாமல், செல்லையே சரியான நேரத்தில் தூது சுரக்கவைப்பது இதன் சிறப்பு. இந்தத் துறையில் அதிகம் நம்பிக்கை தருவது இந்த வழிதான் என்று சொல்லத் தயக்கமில்லை.

தையலும் ஒட்டு நரம்பும்

அறுந்த இரு முனைகளும் இழுவிசை இல்லாமல் சேர்ந்தால் 9-0 அல்லது 10-0 எனும் மிக மெல்லிய நைலான் நூலால் நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். இழுத்துத் தைத்தால் முனைகளின் இரத்த ஓட்டம் குறையும், தழும்பு ஏறும், ஷ்வான் செல்கள் நகர முடியாது. இடைவெளி இருந்தால் காதருகே உள்ள உணர்ச்சி நரம்பையோ, கெண்டைக்காலின் சூரல் நரம்பையோ எடுத்து நடுவில் வைக்கிறார்கள். அங்கே சிறிது மரத்துப்போகும், நடை கெடாது. ஒட்டு நரம்பின் இழைகள் செத்துவிடும். அதன் உயிருள்ள ஷ்வான் செல்கள்தான் நாம் உண்மையில் நட்டுவைப்பது. செல் நீக்கிப் பதப்படுத்திய ஒட்டு நரம்பு சிறு இடைவெளிகளுக்குப் போதும். நீளம் கூடினால் இரு முனைகளிலிருந்தும் உள்ளே குடியேறும் ஷ்வான் செல்கள் பெருகிப் பெருகி முதுமையடைந்து, தூது சுரப்பதை விட்டுவிடுகின்றன. இழை நடுவழியில் நின்றுபோகும்.

இழை தசையை எட்டியதும் கடைசித் தூது: அக்ரின் என்ற புரதத்தை நரம்பு முனை விடுகிறது, தசை முழுக்கச் சிதறிக் கிடந்த அசிடைல்கோலின் ஏற்பிகள் ஓரிடத்தில் கூடுகின்றன, அசைவு பிறக்கிறது. தவறான இடத்தில் பிறந்த அசைவை அடக்கவும் இதே சந்திப்பைத்தான் பயன்படுத்துகிறோம். பொட்டுலினம் நச்சு, நரம்பு முனை அசிடைல்கோலினை வெளியிடாதபடி தடுக்கிறது. கண்ணைச் சுற்றிச் சிறு அளவில் போட்டால் மூன்றிலிருந்து ஐந்து நாளில் வேலை தொடங்கி, மூன்று நான்கு மாதம் நீடிக்கும். பிறகு நரம்பு முனை மீண்டுவிடுவதால் மறுபடி போட வேண்டும்.

பலருக்கும் எழுதித் தரப்படும் மீதைல்கோபாலமின் தூதுப் பொருள் அல்ல, வைட்டமின் பி12இன் ஒரு வடிவம். குறைபாடு இருந்தால் கட்டாயம் வேண்டும், இல்லாதவருக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று சிறியது. அதை நம்பி ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவதுதான் கேடு. மூடாத கண்ணுக்குப் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், இரவில் களிம்பும் இமையை மூடி ஒட்டும் பட்டையும் முதல் நாளிலிருந்தே வேண்டும். நரம்பு ஆறு மாதத்தில் திரும்பும். கருவிழியில் விழுந்த தழும்பு திரும்பாது.

நரம்பு வளர்ச்சிக் காரணிகளில் ஒன்று மருந்தாகியே விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மனித என்ஜிஎஃப்பைக் கொண்ட செனெகெர்மின் கண்சொட்டு மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் அனுமதி தந்தது. கருவிழியின் உணர்வு நரம்பு பழுதாகி ஆறாத புண் வந்தவர்களுக்கு நாளுக்கு ஆறு சொட்டு, எட்டு வாரம். அது ஏன் அங்கே பலித்தது? கருவிழிக்கு வருவது ஐந்தாவது மூளைநரம்பு, உணர்ச்சி நரம்பு, என்ஜிஎஃப்பின் ஏற்பி உள்ளது. மருந்தை நேரே இடத்தில் விடலாம். எட்டு வாரத்தில் நிறுத்திவிடலாம். பொருளும் இடமும் காலமும் மூன்றும் பொருந்தின.

முகநரம்புக்கும் அதே மூன்றைப் பொருத்தும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. 2019இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஜிடிஎன்எஃப் மரபணுவோடு ஒரு சாவியையும் சேர்த்து எலியின் நரம்பில் ஏற்றினார்கள். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்வரை சுரக்கும், நிறுத்தினால் நிற்கும். ஒரு மாதம் மட்டும் சுரக்கவிட்டு நிறுத்தியபோது இழைகள் சுருண்டு தங்காமல் தசையை நோக்கி நகர்ந்தன. ஆனால் அவர்கள் இதைச் செய்தது முதுகுத்தண்டின் வேர் நரம்பில், முகநரம்பில் அல்ல.